பனியில் ஒரு கொலை, பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு: ஒரே நாவலைப் பற்றி வாசகர்கள் ஏன் இப்படி முரண்படுகிறார்கள்?

டிசம்பர் நெருங்கிவிட்டால் ஆங்கிலப் பதிப்புலகில் ஒருவகை நாவல் வரிசைகட்டி வரும். அட்டையில் பனி மூடிய கூரைகள், மஞ்சள் வெளிச்சம் தெரியும் ஜன்னல், வாசலில் ஒரு பூனை. தலைப்பில் கேக்கோ பிஸ்கெட்டோ இருக்கும், கூடவே கொலையும் இருக்கும். கிண்டில் வந்தபிறகு இவை நம் வாசகர்களுக்கும் அன்றைக்கே கிடைத்துவிடுகின்றன. வாங்கலாமா வேண்டாமா என்று வாசகர் கருத்துகளைப் புரட்டினால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்ததாக ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார். அதே பக்கத்தில் இன்னொருவர், ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை, கொலையாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது என்று ஒற்றை நட்சத்திரத்தோடு கிளம்பியிருப்பார்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் காதல் கதைகளுக்கோ வரலாற்று நாவல்களுக்கோ கருத்துகள் இவ்வளவு கூர்மையாக இரண்டாகப் பிளப்பதில்லை. இந்த வகை நாவலில் நகைச்சுவைக்கும் புதிருக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தால் காரணம் புரியும். இங்கே சிரிப்பு மேலே தூவிய அலங்காரம் இல்லை. துப்பை வாசகர் கண்ணிலிருந்து மறைப்பதே அதுதான். சிரிப்பு ஒருவரிடம் எடுபடாமல் போனால், அவருக்குப் புதிரும் சேர்ந்தே சரிந்துவிடுகிறது.

இது என்ன வகை?

ஆங்கிலத்தில் இதற்குக் 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். இதமான மர்மக் கதை என்று வைத்துக்கொள்ளலாம். இதன் எழுதப்படாத ஒப்பந்தம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. துப்பறிபவர் போலீஸ்காரராக இருக்கவேண்டியதில்லை. பேக்கரி நடத்துபவர், நூலகர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று ஊரில் எல்லோருடனும் பேசிப் பழகும் யாராவது ஒருவர் போதும்.

2. சிறிய ஊர். யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்பதுவரை அனைவருக்கும் தெரிந்திருக்கும்.

3. கொலை நம் கண்முன் நடக்காது. பிணம் கிடைக்கும், ஆனால் சித்திரவதைக் காட்சி இருக்காது. படுக்கையறைக் காட்சிகளும் அப்படித்தான், கதவு சாத்தப்பட்டுவிடும்.

4. கொலையாளி பிடிபட்டே தீரவேண்டும். கடைசிப் பக்கத்தில் ஊர் பழையபடி டீயும் கேக்கும் சாப்பிடும்.

வேர் இங்கிலாந்தில், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் இருக்கிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் நாவல் வடிவில் முதலில் வந்தது 1930ல். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஊர் வம்பு கேட்கும் ஒரு மூதாட்டி, செயின்ட் மேரி மீட் என்ற கிராமத்தில் பார்த்த மனிதக் குணங்களை வைத்தே கொலைகளை அவிழ்ப்பார். அமெரிக்காவில் இதே வார்ப்பைத் தொலைக்காட்சி பெரிதாக்கியது. 'மர்டர், ஷி ரோட்' தொடர் 1984 முதல் 1996 வரை 264 பகுதிகள் ஓடியது. 1989ல் தொடங்கிய மாலிஸ் டொமஸ்டிக் மாநாடு இந்த மரபுக்கென்றே அகதா விருது கொடுக்கிறது. பச்சையான பாலுறவுக் காட்சியும் மிதமிஞ்சிய ரத்தமும் இல்லாத மர்மக் கதைகளுக்கான விருது அது.

ஓர் எடுத்துக்காட்டு: லேக் ஈடன்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. ஜோயன் ஃப்ளூக் எழுதும் ஹானா ஸ்வென்சன் தொடர் 2000ல் தொடங்கியது. அமெரிக்காவின் வடக்கு எல்லையில் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில் லேக் ஈடன் என்ற கற்பனை ஊர். அங்கே குக்கி ஜார் என்ற பேக்கரியை நடத்துகிறார் ஹானா. கல்யாணம் செய்துகொள் என்று விடாமல் நச்சரிக்கும் அம்மா, வீடு விற்கும் தங்கை, மோயிஷே என்ற குண்டுப் பூனை, ஒரு பல் மருத்துவர், ஒரு துப்பறியும் போலீஸ் அதிகாரி. கடைசி இருவருக்கும் ஹானாமேல் விருப்பம்.

2004ல் வந்த 'சுகர் குக்கி மர்டர்' இத்தொடரின் ஆறாவது கதை. ஊர் மக்கள் சேர்ந்து ஒரு சமையல் புத்தகம் போடப்போகிறார்கள். அதில் வரப்போகும் உணவுகளை ருசித்துப் பார்க்கக் கிறிஸ்துமஸ் விருந்து ஏற்பாடாகிறது. வெளியே பனிப்புயல். யாரும் கிளம்ப முடியாது. ஊர்க்காரர் ஒருவர் லாஸ் வேகாஸிலிருந்து புதிதாக மணமுடித்துக் கூட்டிவந்த நடனக்காரப் பெண் கொலையாகிறார். ஆயுதம், ஹானாவின் அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய கேக் கத்தி.

புத்தகத்தின் கணிசமான பகுதி சமையல் குறிப்புகள். கருத்துப் பிளவு இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. சமையல் குறிப்புக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பணத்துக்குத்தான் கதை கிடைத்தது என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நியாயம்தான். விற்பவர்கள் அதை முன்னட்டையில் தெளிவாகச் சொன்னார்களா என்பதில்தான் என் அக்கறை. கதையின் நீளம் இவ்வளவு, மீதி சமையல் என்று தெரிந்து வாங்கினால் பாதிக் கோபம் குறையும்.

பனி என்ன செய்கிறது?

பனி வெறும் அழகுக்கு என்று நினைத்துப் படித்தால் பாதி ஆட்டம் கண்ணில் படாமலே போய்விடும். மின்னசோட்டாவின் குளிர் சாதாரணக் குளிர் கிடையாது. டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2ஆம் தேதி மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த மாநிலத்தின் சாதனை அது. அப்படிப்பட்ட இடத்தில் குளிர்காலம் கதாசிரியருக்கு நாலு விதத்தில் கைகொடுக்கிறது.

1. சந்தேக வட்டம் மூடிக்கொள்கிறது. சாலை அடைபட்டால் கொலையாளி உள்ளேதான் இருக்கவேண்டும். வெளியூர்த் திருடன் வந்து போனான் என்ற சால்ஜாப்பு செல்லாது.

2. தரை சாட்சி சொல்கிறது. எப்போது பனி நின்றது, தடம் அதற்கு முன்பா பின்பா என்பதை வைத்தே ஒரு அத்தியாயம் ஓட்டலாம். தடமே இல்லை என்றால் இன்னும் பெரிய புதிர். ஜான் டிக்சன் கார் என்ற எழுத்தாளர் 1935ல் வெளியிட்ட 'தி ஹாலோ மேன்' இந்தத் தடமில்லாப் பனியை வைத்துத்தான் வாசகரைத் திணறடிக்கிறது.

3. இறந்த நேரம் குழம்புகிறது. உடல் குளிரும் வேகம், விறைக்கும் வேகம் இரண்டையும் வைத்து நேரத்தை மதிப்பிடுவது மருத்துவர் வழக்கம். உறைபனியில் உடல் வேகமாகக் குளிரும், விறைப்போ தாமதமாகும். வழக்கமான கணக்கை அப்படியே போட்டால் தப்பாகிவிடும். அந்த இடைவெளியில் கொலையாளி, தான் வேறெங்கோ இருந்ததாகக் காட்டிக்கொள்ள முடியும்.

4. எல்லோரும் கையுறை போட்டிருக்கிறார்கள். மற்ற கதைகளில் கையுறை போட்டவன்மேல் உடனே சந்தேகம் விழும். இங்கே போடாதவன்தான் விசித்திரமானவன். முகம்வரை மூடிய கோட்டும் கம்பளிக் குல்லாயும் போட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்றே தெரியாது.

பனியையும் குற்றக் கதையையும் சேர்த்தே பார்க்கும் பழக்கம் நார்வேயில் இன்னும் ஆழமாக இருக்கிறது. ஈஸ்டர் விடுமுறையில் பனிமலைக் குடிலுக்குப் போய்க் குற்றக் கதை படிப்பது அங்கே தேசிய வழக்கம். தொடக்கம் 1923. பெர்கன் ரயில் இரவில் கொள்ளை போனது என்று ஒரு நாவலின் பெயரையே செய்தித் தலைப்பு போலப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டார்கள். பலர் உண்மைச் செய்தி என்று நம்பிப் பதறினார்கள். இப்போது ஈஸ்டர் சமயத்தில் அங்கே பால் அட்டைப் பெட்டியில்கூடக் குட்டி மர்மக் கதை அச்சாகிறது.

சிரிப்பு என்ன செய்கிறது?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மரணத்துக்கும் வாசகருக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் வேண்டும். இல்லாவிட்டால் 'இதம்' என்ற சொல்லுக்கே இடமில்லை. கொலை நடந்த மறுநாள் காலையில் அம்மா ஃபோன் செய்து, போலீஸ் விசாரணைக்குப் போகும்போதாவது தலையை வாரிக்கொண்டு போ என்று சொல்வது அந்தத் தூரத்துக்காகத்தான்.

இரண்டாவது வேலை தொழில்நுட்பம் சார்ந்தது. விமர்சனங்களில் இதைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. மர்மக் கதையில் துப்பை மறைக்கக் கூடாது, வாசகர் முன்னால் வைத்தாகவேண்டும். துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929ல் வகுத்த பத்து விதிகளில் ஒன்றே இதுதான்: துப்பறிபவர் கண்ணில் பட்ட துப்பு உடனே வாசகருக்கும் காட்டப்படவேண்டும். வைக்கவும் வேண்டும், கவனிக்கவும் கூடாது என்றால் எழுதுபவர் என்ன செய்வார்? சிரிக்கும்போது மனம் அந்த வரியை 'முடிந்தது' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த இடம்தான் துப்பை வைக்கத் தோதான இடம்.

நாமே ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். ஊரில் ஒரு வாய்ச்சவடால் ஆசாமி. அவரிடம் முப்பது வருடப் பழைய கார். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அதன் பெருமைதான். ஒரு காலை, மைனஸ் முப்பது டிகிரி. கடைக்குள் வந்து, "பாருங்கள், ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது, உங்கள் புது வண்டியெல்லாம் இதுக்குப் பக்கத்தில் வருமா?" என்கிறார். கடையில் இருப்பவர்கள் கண்ணை உருட்டுகிறார்கள். ஒருவர் அந்தக் காரின் வயதைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். காட்சி முடிந்தது.

இப்போது குளிர்ப் பிரதேசத்து விவரம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் எஞ்சின் ஆயிலும் பேட்டரியும் படுத்துவிடும். அதனால் எஞ்சினைச் சூடாக வைத்திருக்க ஒரு ஹீட்டர் பொருத்தி, இரவு முழுக்கக் கரண்ட் ஒயரில் சொருகி வைப்பார்கள். முதல்நாள் ராத்திரி புயலில் ஊர் முழுக்கக் கரண்ட் போயிருந்தது என்று வேறொரு பக்கத்தில் போகிறபோக்கில் வந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பழைய கார் ஒரே திருப்பில் எப்படி ஸ்டார்ட் ஆகும்? எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால்தான். விடியும் முன்பே அவர் எங்கோ போய்வந்திருக்கிறார்.

இந்த ஒரே காட்சியை மூன்று வாசகர்கள் மூன்று விதமாகப் படிப்பார்கள்.

முதலாமவருக்கு அந்த ஆசாமியைப் பிடித்துவிட்டது. சிரித்தார், கடந்து போனார். கடைசி அத்தியாயத்தில் கார் விஷயம் அவிழும்போது அடடா என்று திரும்பப் புரட்டிப் பார்ப்பார். ஐந்து நட்சத்திரம்.

இரண்டாமவருக்கு அந்த நகைச்சுவை ஒட்டவில்லை. சிரிப்பு வராதபோது மனம் சும்மா இருக்காது, இந்தக் காட்சி இங்கே எதற்கு என்று கேட்கும். கேட்ட மாத்திரத்தில் கார் மட்டும் தனியாகத் தெரிந்துவிடும். சிரிப்பு வரவில்லை என்ற குறையும் கொலையாளியை முன்பே கண்டுபிடித்துவிட்டேன் என்ற குறையும் ஒரே கருத்தில் இவ்வளவு அடிக்கடி சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பார்வைக்கு இரண்டு குறைகள், வேர் ஒன்றுதான்.

மூன்றாமவர் மதுரையிலோ கோவையிலோ இருக்கிறார். எஞ்சின் ஹீட்டரைக் கேள்விப்பட்டதே இல்லை. முடிவு வந்ததும், இதை எனக்கு முன்னாலேயே சொல்லவில்லையே, இது நியாயமில்லாத ஆட்டம் என்பார். மின்னசோட்டாக்காரருக்கு நியாயமான துப்பு, இவருக்கு ஏமாற்று. நல்ல எழுத்தாளர் இதை எதிர்பார்த்து, முதல் சில அத்தியாயங்களிலேயே கதாநாயகி வண்டியை ஒயரில் சொருகும் காட்சியைப் போட்டுவிடுவார். அப்படிப் போடாத புத்தகத்தின்மேல் மூன்றாமவருக்கு வரும் கோபத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்வேன்.

ஊர்ச் சிரிப்பும் கறுப்புச் சிரிப்பும்

நகைச்சுவையிலும் ஊருக்கு ஊர் வாடை உண்டு. மின்னசோட்டாச் சிரிப்பு அடக்கிப் பேசுவதில் இருக்கிறது. கழுத்தளவு பனியில் நின்றுகொண்டு, பரவாயில்லை, இன்னும் மோசமாகலாம் என்பார்கள். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் முகத்தில் காட்டாத மரியாதை அங்கே ஊர்க்குணம். விருந்துக்கு எல்லோரும் 'ஹாட்டிஷ்' கொண்டுவருவார்கள். இறைச்சி, டப்பா சூப், மேலே உருளைக்கிழங்கு வறுவல் என்று ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும் சாப்பாடு. ஒரே விருந்தில் ஏழு பேர் அதையே கொண்டுவந்து வைக்க, ஏழு பாத்திரத்தையும் எல்லோரும் பாராட்டித் தீரவேண்டும் என்பது அங்கே வளர்ந்தவருக்குக் குபீர்ச் சிரிப்பு. வெளியே இருப்பவருக்கு அது சாப்பாட்டுப் பட்டியலாகத்தான் தெரியும். சமையல் வருணனை அதிகம் என்ற புகாரில் ஒரு பங்கு இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

இன்னொரு குழப்பம் கறுப்பு நகைச்சுவையோடு சேர்த்து எண்ணிவிடுவது. 1996ல் வந்த 'ஃபார்கோ' திரைப்படத்திலும் மின்னசோட்டா இருக்கிறது, பனி இருக்கிறது, சிறிய ஊர் போலீஸ் அதிகாரி இருக்கிறார், சிரிப்பும் இருக்கிறது. ஆனால் அங்கே கொடூரம் கண்முன் நடக்கிறது. சிரிப்பும் அருவருப்பும் ஒன்றையொன்று உரசுவதுதான் அதன் கலை. அதை நினைத்துக்கொண்டு லேக் ஈடனுக்கு வருபவருக்கு எல்லாம் சப்பென்று இருக்கும். லேக் ஈடனை நினைத்துக்கொண்டு அந்தப் படத்துக்குப் போனவர் பாதியில் எழுந்து வந்துவிடலாம். பதிப்பாளர்கள் இரண்டுக்கும் சேர்த்து 'நகைச்சுவை மர்மம்' என்று ஒரே சீட்டை ஒட்டுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

அடிக்கடி வரும் குறைகளை எப்படி எடுத்துக்கொள்வது?

1. *இத்தனூண்டு ஊரில் இத்தனை கொலையா?* 'மர்டர், ஷி ரோட்' நடக்கும் ஊரின் பெயரால் இதற்குக் 'கேபட் கோவ் நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இது குறிப்பிட்ட ஒரு நாவலின் குறை ஆகாது. இந்த வகையின் அடிப்படை அனுமானம். இதற்காக நட்சத்திரம் குறைத்த கருத்தைத் தாண்டிப் போகலாம்.

2. *கொலை நடக்கவே எண்பது பக்கம் ஆகிறது.* மாத நாவல் வேகத்தில் பழகிய நம் வாசகர்களுக்கு இந்தப் புகார் எளிதில் வரும். இங்கே ஊர்தான் முதல் கதாபாத்திரம். ஊரைக் கட்டாமல் கொலை செய்தால் சந்தேகப்பட ஆளே இருக்காது. ஆனால் அந்த எண்பது பக்கத்தில் வந்த எதுவுமே பின்னால் பயன்படவில்லை என்று ஒருவர் சேர்த்து எழுதியிருந்தால் கவனியுங்கள். அது உண்மையான கட்டுமானக் குறை.

3. *போலீஸ்காரர்கள் இவ்வளவு மக்குகளா?* அமெச்சூர் ஜெயிக்கவேண்டும் என்றால் தொழில்முறையாளர் எங்காவது சறுக்கவேண்டும். திறமையான எழுத்தாளர் போலீஸை முட்டாளாக்காமலே இதைச் செய்வார். கதாநாயகிக்குத் தெரிவது ஊர்ப் பழக்கம், போலீஸுக்குத் தெரிவது தடயம். இரண்டும் சேர்ந்தால்தான் விடை வரவேண்டும்.

4. *காதல் கதை எதற்கு?* பழைய சண்டை. துப்பறியும் கதை எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1928ல் போட்ட இருபது விதிகளில் மூன்றாவது, மர்மக் கதையில் காதல் கூடாது என்பது. இன்றைய தொடர்கள் அந்த விதியைக் காற்றில் விட்டு வெகுகாலம் ஆகிறது. புதிருக்காகப் படிப்பவரும் பாத்திரங்களின் வாழ்க்கைக்காகப் படிப்பவரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிறார்கள்.

5. *கடைசியில் கொலையாளியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.* இதற்குமட்டும் சமாதானமே கிடையாது. துப்புகள் விடைக்குக் கொண்டுபோகாமல் ஒப்புதல் வாக்குமூலம் கொண்டுபோனால் அந்தப் புதிர் தோற்றுவிட்டது.

நட்சத்திரங்களின் கணக்கு

சராசரி எண்ணை நம்பி வாங்குகிறவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைக்கவேண்டும்.

முதலாவது, ஒரே நட்சத்திரத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் மூன்று நட்சத்திரம் என்றால் 'பிடித்திருந்தது', இரண்டு என்றால் 'பரவாயில்லை'. பொருள் விற்கும் தளங்களில் மூன்று வாங்கிய சாமானை நாம் தொடவே தயங்குவோம். ஒரு தளத்து மூன்றை இன்னொரு தளத்து மூன்றோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும்.

இரண்டாவது, ஐந்தும் ஒன்றுமாகப் பிரிந்த புத்தகமும் எல்லோரும் மூன்று கொடுத்த புத்தகமும் ஒரே சராசரியைக் காட்டலாம். முதலாவது சிலருக்குப் பொக்கிஷம், சிலருக்கு வேதனை. இரண்டாவது யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. நகைச்சுவை மர்மங்கள் பெரும்பாலும் முதல் ரகம். அதனால் சராசரியை விட்டுவிட்டு, எந்த எண்ணுக்கு எத்தனை பேர் என்று காட்டும் பட்டை வரைபடத்தைப் பாருங்கள். பிறகு மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிரித்து எழுதும் பொறுமை அவர்களிடம்தான் அதிகம்.

மூன்றாவது, தொடரின் எத்தனையாவது புத்தகம் என்பது. முதல் புத்தகத்தை எல்லா வகை வாசகரும் வாங்குகிறார்கள். பிடிக்காதவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். பத்தாவது புத்தகத்தைப் படிப்பவர்கள் ஏற்கெனவே ரசிகர்கள். அவர்கள் உயர்வாகவே போடுவார்கள், அல்லது நம்பியவர்கள் ஏமாந்த கோபத்தில் மிகக் கீழே போடுவார்கள். ஹானா தொடரிலேயே இதைப் பார்க்கலாம். பல் மருத்துவரா போலீஸ் அதிகாரியா என்று வாசகர்கள் பல வருடம் கட்சி கட்டி நின்றார்கள். 2016ல் வந்த புத்தகத்தில் ஹானா இருவரையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒருவரை மணந்துகொண்டார். அதற்குப் பிறகு வந்த கோபமான கருத்துகளில் கொலைப் புதிரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதவை நிறைய. புதிர் எப்படி என்று தேடிவரும் புது வாசகருக்கு அவை எந்த வகையிலும் உதவாது.

இந்தச் சண்டை புதிதும் இல்லை

இணையம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இது நடந்திருக்கிறது. 1944ல் விமர்சகர் எட்மண்ட் வில்சன், துப்பறியும் கதைகளை மக்கள் ஏன்தான் படிக்கிறார்களோ என்று நியூயார்க்கர் இதழில் எழுதினார். எதிர்ப்புக் கடிதங்கள் வந்து விழுந்தன, நல்லதாகப் பார்த்துப் படியுங்கள் என்று ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். அவற்றில் சிலவற்றைப் படித்துவிட்டு 1945ல் இன்னும் காட்டமாக எழுதினார். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948ல் நேர் எதிராக, தனக்கு இது புகையிலை, மதுபோல ஒரு பழக்கம் என்று எழுதினார். இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்காத கதையைத் தன்னால் படிப்பதே கஷ்டம் என்றார். படித்து முடித்ததும் கதை மறந்துவிடும், மறுபடி படிக்கவும் தோன்றாது என்றும் சொல்லிவிட்டார்.

ஆடன் கட்டுரையில் ஒரு கருத்து இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது. கொலை நடக்கும் இடம் சொர்க்கம்போல இருக்க இருக்க, அங்கே விழும் பிணம் அந்த அளவுக்குத் துருத்திக்கொண்டு தெரியும் என்பது அவர் வாதம். வெண்பனி போர்த்திய சிற்றூர் இந்த வகைக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

செத்தவருக்காக யார் வருந்துகிறார்கள்?

கடைசியாக ஒரு புகார். எண்ணிக்கையில் குறைவு, எடையில் அதிகம். சிரிப்பு மூட்டும் அவசரத்தில் இறந்த மனிதரையே புத்தகம் மறந்துவிடுகிறது என்பது அது. வசதிக்காக ஊரே வெறுக்கும் ஆளாகவோ வெளியூரிலிருந்து வந்தவராகவோ பார்த்துக் கொல்கிறார்கள். அப்போதுதான் யாரும் அழவேண்டியதில்லை, மறுநாளே சமையலறைக்குத் திரும்பிவிடலாம். 'சுகர் குக்கி மர்டர்' கதையில் சாகும் பெண்ணும் வெளியிலிருந்து வந்தவர்தான். அவர் நடனக்காரி என்பதையே ஊர் ஒரு குறையாகப் பார்க்கிறது. ஊரின் இதம் கலையாமல் இருக்க ஒரு வெளியாள் சாகவேண்டியிருக்கிறதே என்று வாசகருக்கு உறுத்தினால், அதை மிகை உணர்ச்சி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சிரிப்பையும் துக்கத்தையும் ஒரே புத்தகத்தில் வைக்க முடியாதா? முடியும். கனடாவின் கியூபெக்கில் த்ரீ பைன்ஸ் என்ற கற்பனைக் கிராமத்தை வைத்து லூயிஸ் பென்னி எழுதிய 'டெட் கோல்ட்' 2006ல் வந்தது. உறைந்த ஏரியில், பனித்தரைமேல் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டம் நடக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த பெண் அத்தனை பேர் நடுவில் மின்சாரம் பாய்ந்து சாகிறார். ஊரில் அவரைப் பிடித்தவர் ஒருவரும் இல்லை, ஊர்க்காரர்களின் பேச்சில் வேடிக்கைக்கும் குறைவில்லை. வழக்கமான வார்ப்புதான். ஆனால் அதே நாவலில் மொன்றியால் நகரத்துத் தெருவில் வீடில்லாத ஒரு பெண்ணும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். பெரிய வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, யாரும் பொருட்படுத்தாத அந்தப் பெண்ணின் மரணத்தையும் நாவல் கைவிடாமல் பின்தொடர்கிறது. இந்த வகையை முதன்முதலாகப் படிக்க நினைப்பவர், சிரிப்பில் நம்பிக்கை இருந்தால் லேக் ஈடனில் தொடங்கலாம். சிரிப்புக்கு நடுவிலும் செத்தவர் நினைவில் நிற்கவேண்டும் என்றால் த்ரீ பைன்ஸுக்குப் போகலாம்.